தண்ணீர் குறித்த லத்தீன், கிரேக்க வேர்கள்: தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது?

பாலக்கோடு_ஆங்கிலம்:

வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்திருக்கும் தமிழ் வழிப் பிள்ளைகள் 14 பேருக்கு மாலை வகுப்பு. வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். சொற்பட்டியலை மனப்பாடம் செய்தால் பத்து நாளில் கரைந்துபோகிறது. அதனால் வேர்ச்சொல் வழியாகப் போகலாம் என்று முடிவு. முதல் தலைப்பு தண்ணீர். நம் மாவட்டத்தில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது; பிள்ளைகளுக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

அக்வா, ஹைட்ரோ, மரைன் என்று மூன்றை எடுத்து வைத்திருக்கிறேன். இதற்குள்ளேயே குழப்பம் வந்துவிட்டது. அக்வா தண்ணீர் என்றால் அக்வயர் (பெறு) என்ற சொல்லிலும் தண்ணீர் இருக்கிறதா என்கிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 'தண்ணீர் கலந்த குளோரின் அமிலம்' என்று எழுதுகிறார்கள். ரைவல் (போட்டியாளர்) என்ற சொல்லும் ஆற்றிலிருந்து வந்தது என்று எங்கோ படித்தேன், அது உண்மையா?

எத்தனை வேர் போதும், எந்த வரிசையில் சொல்வது, எங்கே தடுக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஊத்தங்கரை_வேர்:

சார், முதலில் வேர்ப் பட்டியலைத் திறக்காதீர்கள். முதல் வகுப்பில் தமிழிலேயே பத்து நிமிடம் செலவிடுங்கள். தண்ணீர், வெந்நீர், கண்ணீர், இளநீர், உமிழ்நீர், சிறுநீர், நீர்மம், நீர்க்கட்டி. எல்லாவற்றிலும் ஒரே 'நீர்'. யாரும் இவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யவில்லை. ஆங்கிலத்திலும் இதே வேலை நடக்கிறது, 'நீர்' இருக்கும் இடத்தில் அங்கே அக்வாவோ ஹைட்ரோவோ உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் பாதி பயம் போய்விடும்.

அடுத்து புணர்ச்சி. தண் + நீர் ஏன் 'தண்நீர்' என்று நிற்காமல் தண்ணீர் ஆனது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். லத்தீனிலும் அப்படியே. 'அட்' என்ற முன்னொட்டு எஃப்-க்கு முன்னால் வந்தால் 'அஃப்' ஆகும். 'எக்ஸ்' வந்தால் 'எஃப்' ஆகும். அதனால்தான் அஃப்ளுயன்ட், எஃப்ளுயன்ட் இரண்டிலும் எஃப் இரட்டிக்கிறது. 'இன்' என்பது எம்-க்கு முன்னால் 'இம்' ஆவதால்தான் இம்மெர்ஸ். நன்னூல் படித்த பிள்ளைக்கு இது புது விஷயமே இல்லை. எழுத்துப்பிழையும் இதனால் குறையும், ஏனென்றால் எந்த எழுத்து ஏன் இரட்டிக்கிறது என்பதற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது.

அக்வாவுக்கு ஆறு சொல் போதும். அக்வேரியம்: 'ஏரியம்' என்றால் இடம், பிளானடேரியத்தில் வருவதும் அதுதான். அக்வாட்டிக்: நீரில் வாழும் அல்லது நீர் சார்ந்த. அக்வியஸ்: வேதியியலில் நீர்க்கரைசலைக் குறிக்க ஏ, க்யூ என்று இரண்டு எழுத்து போடுகிறோமே, அது. அக்விஃபர்: 'ஃபெர்' என்றால் தாங்கு, சும. நீரைத் தாங்கும் நிலத்தடி அடுக்கு. கூம்பைத் தாங்கும் மரம் கோனிஃபர் ஆவது போல. நம் பக்கம் கடினப்பாறைப் பூமி. தண்ணீர் நிற்பது மேலே சிதைந்த பாறையிலும் அடியில் உள்ள வெடிப்புகளிலும்தான். ஒரு காட்டில் போர் போட்டால் தண்ணீர் பீறிட்டு அடிக்கும், ஐம்பதடி தள்ளிப் போட்டால் புகைதான் வரும். அந்த வெடிப்புதான் இங்கே அக்விஃபர் என்றால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

அக்விடக்ட்: 'டக்ட்' என்றால் நடத்திச் செல்லுதல். தமிழில் தொட்டிப்பாலம், கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூரில் இருப்பது. இதில் பிழை தவறாமல் வரும். நடுவில் ஏ போடுவார்கள். வர வேண்டியது ஈ. லத்தீனில் 'அக்வே டக்டஸ்', அதாவது நீரின் பாதை. வேற்றுமை உருபு ஏறியதால் கடைசி எழுத்து மாறிவிட்டது.

ஆறாவது, சீவர். சாக்கடை. வெளியே என்னும் 'எக்ஸ்', நீர் என்னும் 'அக்வா' இரண்டும் பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. உருவத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வேர் எப்போதும் கண்ணுக்குத் தெரியாது என்று காட்ட இந்த ஒரு சொல் வேண்டும்.

அக்வயர் கேள்விக்கு ஒரு நேரான சோதனை இருக்கிறது. ஏ-க்கும் க்யூ-க்கும் நடுவில் சி இருந்தால் அது தண்ணீர் இல்லை. அக்வயர், அக்விட், அக்வெயின்ட், 'இணங்கிப்போ' என்ற பொருளுள்ள அக்வியெஸ், நான்கிலும் சி உண்டு. நான்கிலும் இருப்பது 'அட்' முன்னொட்டு. சி இல்லாமலே ஏமாற்றுவது அக்விலைன். அது கழுகைக் குறிக்கும் அக்விலாவிலிருந்து வந்தது, வளைந்த மூக்கைச் சொல்வார்கள். இந்த ஒன்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ரைவல் உண்மைதான். லத்தீனில் ரீவஸ் என்றால் ஓடை. ரிவர், ரைவல், டெரைவ் மூன்றும் அந்த வேரிலிருந்து வந்தவை.

---

ஓசூர்_வேதியியல்:

ஹைட்ரோ பற்றி மட்டும் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் அதிகம் அடிபடுவது இதில்தான்.

கிரேக்கத்தில் நீர் 'ஹூடோர்'. சொல்லின் நடுவே ஐ ஒலி வரும் இடத்தில் ஒய் எழுதினால் பெரும்பாலும் கிரேக்கம். க்யூ-யூ சேர்ந்து வந்தால் பெரும்பாலும் லத்தீன். இந்த அடையாளம் ஒன்றே பல இடத்தில் காப்பாற்றும்.

ஆனால் ஹைட்ரோ என்றவுடன் 'நீர்' என்று எழுதக்கூடாது. வேதியியலில் அதற்கு இரண்டு வேலை. 1787-இல் லவாய்சியரும் உடனிருந்தவர்களும் தனிமங்களுக்கு முறையான பெயர் வைத்தபோது, எரிந்தால் நீரை உண்டாக்கும் வாயு என்பதால் ஹைட்ரஜன் என்றார்கள். 'ஜென்' என்றால் பிறப்பிப்பது. அதற்குப் பிறகு ஹைட்ரோ என்பது ஹைட்ரஜனின் சுருக்கமாகவும் ஓடத் தொடங்கியது. ஹைட்ரோகுளோரிக்கில் இருப்பது ஹைட்ரஜன். ஹைட்ரோகார்பன், அதுவும் அப்படியே; ஒரு துளி நீர் கிடையாது. 'ஹைட்ரேட்' என்று முடிந்தால் நீர் என்று எடுத்துக்கொள்ளலாம். கார்போஹைட்ரேட்டில் கார்பனும் நீரின் விகிதமும் இருக்கிறது: குளுக்கோஸில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்ஸிஜன், பிரித்துப் பார்த்தால் 6 கார்பனுக்கு 6 நீர் என்ற கணக்கு வரும். உள்ளே நீர் மூலக்கூறாக இருப்பதில்லை, விகிதத்தைப் பார்த்து வைத்த பெயர். ஹைட்ரேட் என்ற முடிவுக்கு இந்த ஒரு விலக்கையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

ஹைட்ராலிசிஸ் இன்னொரு பொறி. 'லிசிஸ்' என்றால் பிரித்தல், தளர்த்தல். பிள்ளைகள் 'நீரைப் பிரித்தல்' என்று எழுதுவார்கள். நீரைக் கொண்டு வேறொன்றைப் பிரிப்பது என்பதுதான் பொருள். எலக்ட்ராலிசிஸ் மின்சாரத்தைப் பிரிப்பதில்லை, மின்சாரத்தால் பிரிப்பது. அதை முதலில் கேட்டுவிட்டு இதைக் கேட்டால் தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

அன்ஹைட்ரஸ் என்ற சொல்லுக்கு மயில்துத்தம்தான் (காப்பர் சல்ஃபேட்) பாடம். சோதனைக்குழாயில் 2 கிராம் நீலப் படிகம் போட்டு, குழாயின் வாய் சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருக்கும்படி பிடித்து, சிறு தீயில் காட்டுங்கள். வாய் மேல்நோக்கி இருந்தால் வெளிவரும் நீராவி வாய்ப்பக்கம் குளிர்ந்து துளியாகி, சூடான அடிப்பகுதிக்கு வழிந்து கண்ணாடியை விரிசல் விடவைக்கும். நீலம் மங்கி வெள்ளைப்பொடி ஆனதும் நிறுத்திவிடுங்கள். பேராசையில் கடும் தீ வைத்தால் பொடி கருத்துப்போகும். உப்பே சிதைந்துவிட்டது என்று அர்த்தம், பிறகு தண்ணீர் விட்டாலும் நீலம் திரும்பாது. ஆறியபின் வெள்ளைப்பொடியில் இரண்டு சொட்டு நீர் விட்டால் நீலம் திரும்பும், குழாயும் சுடும். ஒரு மூலக்கூறு உப்புக்கு 5 நீர் மூலக்கூறு என்பதால், எடையில் 36 விழுக்காடு நீர்தான். 2 கிராமில் ஏறக்குறைய 0.7 கிராம். 'அன்' இல்லை, 'ஹைட்ர்' நீர். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அந்தச் சொல் மறக்காது. மயில்துத்தம் நஞ்சு, கை கழுவ வைத்து அனுப்புங்கள்.

இனி உருவத்தில் ஏமாற்றும் இரட்டைகள். ஹைட்ரோமீட்டர், ஹைக்ரோமீட்டர். தமிழில் எழுதினாலும் ஓரெழுத்துதான் வித்தியாசம். முதலாவது திரவத்தின் அடர்த்தியை அளப்பது: பேட்டரிக் கடையில் கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சி மிதவை எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்களே, அது. 1.26-க்கு மேல் நின்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 1.2-க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். இரண்டாவது காற்றின் ஈரத்தை அளப்பது. 'ஹூக்ரோஸ்' என்றால் கிரேக்கத்தில் ஈரம், அது வேறு வேர். நம் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பு மனைச் சுவரில் மாட்டியிருப்பது இதுதான். இளம்புழுவுக்கு 80 முதல் 90 விழுக்காடு ஈரம் வேண்டும், முற்றிய புழுவுக்கு 70 அளவில் போதும். இரண்டையும் மாற்றி எழுதும் பிள்ளையிடம் 'பட்டுமனையா, பேட்டரிக் கடையா?' என்று கேளுங்கள், போதும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. வியர்வைக்கு 'ஹிட்ரோஸ்'. அளவுக்கு மீறி வியர்ப்பது ஹைப்பர்ஹிட்ரோசிஸ். அதில் 'ஹிட்ர்' என்ற பகுதியில் ஒய் வராது, ஐ வரும். வியர்வையே வராத நோயான அன்ஹிட்ரோசிஸையும் நீரற்ற அன்ஹைட்ரஸையும் பிரித்துக் காட்டுவது அந்த ஓரெழுத்துதான்.

உயிரியலில் ஹைடதோடு. நீர் + வழி. விடியற்காலையில் தக்காளி இலை ஓரத்தில் முத்து முத்தாக நிற்கும் நீர் எல்லாமே பனி இல்லை. செடி தானே வெளியேற்றும் நீரும் உண்டு, அது வெளிவரும் துளைக்குத்தான் இந்தப் பெயர். அப்படி வெளியேறுவதற்கு கட்டேஷன் என்று பெயர், 'குட்டா' என்றால் லத்தீனில் துளி. மழைநீர் வடியும் கட்டர் என்ற சொல்லும் அதிலிருந்துதான். பாலக்கோட்டில் தக்காளித் தோட்டத்துக்குப் பஞ்சமில்லை, காலை ஆறு மணிக்குள் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

---

பென்னாகரம்_காவிரி:

ஊத்தங்கரை நண்பர் எழுதியதில் ஒரு திருத்தம் வேண்டும். ரைவல், டெரைவ் இரண்டும் ரீவஸிலிருந்து வந்தவை, சரி. ஆனால் ரிவர் அந்த வேரிலிருந்து வரவில்லை. அதன் மூலம் 'ரீபா', அதாவது கரை. கரை சார்ந்த நிலத்தைக் குறித்த ரிபேரியா என்ற சொல் பழைய பிரெஞ்சில் ஆற்றுக்கே பெயராகி ஆங்கிலத்துக்கு வந்தது. இரண்டும் ஒலியில் ஒட்டி இருப்பதால் நிறைய பேர் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள்.

இதை விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரீபா தெரிந்தால்தான் ரிபேரியன் புரியும். காவிரி பற்றிய ஆங்கிலச் செய்தியில் 'லோயர் ரிபேரியன் ஸ்டேட்' என்று வராத நாள் குறைவு. கீழ்க்கரை மாநிலம், அதாவது நாம். அரைவ் என்ற சொல்லும் இதே கரைதான்: 'அட் ரீபாம்', கரைக்கு. படகு கரை சேர்வதைச் சொன்னது, பிறகு பேருந்து வந்து சேர்வதற்கும் ஆகிவிட்டது. ஒகேனக்கல் பரிசல்துறையை நினைத்துக்கொண்டால் இந்தச் சொல்லின் பழைய பொருள் கண்முன் நிற்கும்.

இனி ரைவல். ரீவாலிஸ் என்றால் ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் இன்னொருவன். பகை என்ற பொருள் தொடக்கத்தில் இல்லை; பங்கு வைத்துக்கொள்பவன், அவ்வளவுதான். தமிழில் 'பங்காளி' அப்படியே இதே வழியில் வந்திருக்கிறது. பங்கு உள்ளவன் என்பதுதான் சொல், ஆனால் பங்காளி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பங்காளிச் சண்டை. முறைத்தண்ணீரில் யார் மடையை முதலில் திறந்தது என்று வரப்பில் நிற்கும் இருவரைச் சொன்னால் ரைவல் என்ற சொல்லை விளக்க வேறொன்றும் வேண்டாம்.

டெரைவ்: ஓடையிலிருந்து பிரித்து எடு. வாய்க்கால் வெட்டி ஆற்றுநீரைத் திருப்புவது. கணக்கில் சூத்திரத்தை டெரைவ் செய்கிறோம், இலக்கணத்தில் ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றை டெரைவ் செய்கிறோம். மூல ஓடை எது, வெட்டிய கால் எது என்று கேட்டால் இரண்டும் புரியும்.

பாலக்கோடு சார் பட்டியலில் 'உண்டா' இல்லை. கட்டாயம் சேருங்கள். அலை என்று பொருள். என் கணிப்பில் தண்ணீர் வேர்களிலேயே அதிகம் ஒளிந்திருப்பது இதுதான். இனண்டேட் என்றால் வெள்ளத்தில் மூழ்கடி, அது வெளிப்படை. அபண்டன்ட் பற்றி யாரும் சந்தேகப்படமாட்டார்கள். 'அப்' + 'உண்டாரே', விளிம்பைத் தாண்டி வழிவது. ஏரி நிரம்பிக் கோடி போகிறது என்கிறோமே, அதுதான் அபண்டன்ட். பாரூர் ஏரி கோடி போகும் நாளில் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கலாம். ரிடண்டன்ட், வழிந்து திரும்பி வரும் அளவு மிகுதி. அதனால்தான் 'தேவைக்கு மேலானது'. இங்கே டி எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். 'ரி' என்ற முன்னொட்டு உயிரெழுத்துக்கு முன் 'ரெட்' ஆகும், உடம்படுமெய் போல ஒரு மெய் வந்து நிற்கிறது.

எல்லாவற்றையும்விட ஆச்சரியம் சரவுண்ட். பார்த்தால் வட்டம் என்னும் ரவுண்ட் உள்ளே இருக்கிறது. ஆனால் மூலம் 'சூப்பர்' + 'உண்டாரே', மேலே வழிந்து மூழ்கடி. பிற்காலத்தில் ரவுண்ட் என்ற சொல்லின் சாயல் விழுந்து எழுத்தும் பொருளும் மாறிவிட்டன.

எக்ஸாஸ்ட், அதில் 'ஹாரீரே' என்றால் நீர் இறைத்தல். கிணற்றை அடியோடு இறைத்துவிடுவது. அதனால்தான் எக்ஸாஸ்ட்டில் ஒலிக்காத ஹெச் ஒன்று உண்டு, பிள்ளைகள் விட்டுவிடுவது அதைத்தான். எமர்ஜென்சியில் 'மெர்கெரே', முக்குதல். முங்கியது மேலே வருவது எமர்ஜ். எதிர்பாராமல் மேலே வந்து நிற்பது எமர்ஜென்சி. அணைநீரில் சப்மெர்ஜ் ஆன கோயில் கோடையில் எமர்ஜ் ஆகிறது என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் வைக்கலாம்.

---

ஊத்தங்கரை_வேர்:

ரிவர் பற்றிய திருத்தம் சரி. ரீவஸ் அடியில் ரிவருக்குப் பதிலாக ரிவ்யூலெட், அதாவது சிற்றோடை, என்று போட்டுக்கொள்ளுங்கள். ரீபாவைத் தனிப் பக்கமாக வையுங்கள்.

---

பாலக்கோடு_ஆங்கிலம்:

எல்லோருக்கும் நன்றி. கோடி போவதும் பங்காளியும் நாளைக்கே வகுப்பில் வரும். இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, ஃப்ளோ என்ற சொல்லை ஃப்ளூயிட், ஃப்ளுயன்ட் குடும்பத்தில் சேர்க்கலாமா? இரண்டு, நம் மாவட்டத்தில் ஃப்ளோரைடு என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த சொல். அது தண்ணீரில் இருப்பதால் அந்தப் பெயர் வந்ததா?

---

தேன்கனிக்கோட்டை_மொழி:

ஃப்ளோவைச் சேர்க்க வேண்டாம். பொருளும் ஒன்று, தொடக்க எழுத்தும் ஒன்று, ஆனால் உறவு இல்லை. ஃப்ளோ, ஃப்ளட், ஃப்ளோட் மூன்றும் ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள். லத்தீனில் அவற்றுக்கு உறவு, ஃப்ளூயிட் குடும்பத்தின் வேரான 'ஃப்ளூவெரே' (ஓடுதல்) கிடையாது. மழை பெய்தலைக் குறிக்கும் 'ப்ளூவெரே'. ப்ளூவியல் என்ற சொல் அதிலிருந்து வந்தது. ஆதியில் ப-வாக இருந்த ஒலி ஆங்கிலம் பிறந்த ஜெர்மானியக் கிளையில் எஃப் ஆகிவிட்டது. லத்தீனில் ப-வாகவே நின்றது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கன்னடம் பேசும் வீட்டில் பால் ஹாலு, புலி ஹுலி, பூ ஹூவு. புகை அங்கே ஹொகெ. ஒகேனக்கல் என்ற பெயரே ஹொகெ + கல், புகையும் கல். தமிழின் ப, கன்னடத்தில் ஹ ஆவது ஒழுங்கான மாற்றம், ஒன்றிரண்டு சொல்லில் மட்டும் நடப்பதில்லை. லத்தீனில் ப நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் எஃப் வருவதும் அப்படிப்பட்ட ஒழுங்குதான். தந்தைக்கு அங்கே பாட்டெர், இங்கே ஃபாதர். சொற்களின் உறவைக் காட்டுவது இந்த ஒழுங்கு. வெறும் ஒலி ஒற்றுமையை நம்பினால் வழி தவறும். இணையத்தில் ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றையும் ஒலியை மட்டும் வைத்துத் தமிழோடு இணைக்கும் பதிவுகளைப் பிள்ளைகள் கொண்டுவருவார்கள். அவர்களை மட்டம் தட்டாமல், 'இதே மாற்றம் இன்னும் மூன்று சொல்லில் காட்டு' என்று கேளுங்கள். உண்மையாகவே தமிழிலிருந்து போன சொல்லும் இருக்கிறது: கட்டமரான் நம் கட்டுமரம். அதை 'கேட்டா' என்ற கிரேக்க முன்னொட்டு என்று பிரித்துவிடக்கூடாது. அருவிக்கும் கண்புரைக்கும் ஆங்கிலத்தில் பொதுவாக வழங்கும் கேட்டராக்ட்டில் இருப்பதுதான் கிரேக்கக் 'கேட்டா', கீழ்நோக்கி.

இன்னொரு உறவையும் சொல்லிவிடலாம். கிரேக்க ஹூடோர், லத்தீன் உண்டா, ஆங்கில வாட்டர், வடமொழி உதகம் நான்கும் ஒரே ஆதி வேரின் கிளைகள். வோட்கா, விஸ்கி இரண்டும் ரஷ்ய, அயர்லாந்து வழியாக அதே வேருக்குத்தான் போகும். அக்வா மட்டும் தனி வேர்.

---

ஓசூர்_வேதியியல்:

ஃப்ளோரைடு கேள்விக்கு. வேர் ஓடுதல்தான், 'ஃப்ளூவெரே'. ஆனால் தண்ணீர் ஓடுவது அல்ல. 16-ஆம் நூற்றாண்டில் சுரங்கக் கலை பற்றி எழுதிய ஜெர்மானியர் அக்ரிகோலா, உலோகத்தாதுவை உருக்கும்போது சேர்த்தால் கலவை எளிதில் இளகி ஓடும் ஒரு கனிமத்தைக் குறிப்பிட்டார். ஓடச் செய்வது என்பதால் அதற்கு ஃப்ளுவோர் என்ற பெயர் வந்தது. இன்றும் உலோகம் பற்றவைக்கும்போது இளக்கத்துக்குச் சேர்க்கும் பொருளை ஃப்ளக்ஸ் என்கிறோம், அதுவும் இதே வேர். அந்தக் கனிமம்தான் ஃப்ளுவோர்ஸ்பார், கால்சியம் ஃப்ளோரைடு. அதிலிருக்கும் தனிமத்துக்கு 1812-இல் ஆம்பியர் ஃப்ளோரின் என்ற பெயரை டேவிக்கு முன்மொழிந்தார். தனித்துப் பிரித்தெடுத்தது 1886-இல் முவாசான். ஃப்ளோரசென்ஸ் என்ற ஒளிர்வும் இதே கனிமத்தின் பெயரால் 1852-இல் ஸ்டோக்ஸ் வைத்தது.

தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுவது பாறையால். ஃப்ளோரின் உள்ள கனிமங்கள் பாறையில் இருக்கின்றன, நீர் நெடுநாள் பாறை வெடிப்பில் தங்கும்போது கரைந்து சேர்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை. அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை, பிறகு எலும்பு, மூட்டு. 'ஓசிஸ்' என்பது நிலை அல்லது நோயைக் குறிக்கும் கிரேக்க விகுதி. ஃப்ளோரோசிஸ் லத்தீன் உடலும் கிரேக்க வாலும் கொண்ட கலப்புச் சொல். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தின் ஆங்கிலப் பெயரில் 'ஃப்ளோரோசிஸ் மிட்டிகேஷன்' என்று இருக்கும். 'மிட்டிஸ்' என்றால் மென்மை, மிட்டிகேட் என்றால் தணி. திட்டத்தின் பெயரையே கரும்பலகையில் எழுதிப் பிரித்தால் ஒரு வகுப்பு அதிலேயே ஓடும்.

ஃப்ளூவெரேயில் எடுக்க வேண்டிய மற்றவை: கான்ஃப்ளுயன்ஸ், கூடுதுறை. சின்னாறு ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்வது. எஃப்ளுயன்ட், ஆலையிலிருந்து வெளியேறும் கழிவுநீர். அஃப்ளுயன்ட், வளம் தம்மை நோக்கி ஓடிவரும் செல்வர். இந்த இரண்டையும் மாற்றினால் வாக்கியமே விபரீதமாகும். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் செய்தி ஒன்றைக் கொடுத்து, எந்தச் சொல் வரும் என்று எழுதச் சொல்லுங்கள்.

---

ஊத்தங்கரை_வேர்:

வரிசை கேட்டிருந்தீர்கள். முதல் வாரம் அக்வா, ஹைட்ரோ. இரண்டாம் வாரம் ஃப்ளூவெரே. மூன்றாம் வாரம் ரீவஸ், ரீபா, உண்டா. நான்காவது மெர்கெரே, பிறகு கப்பலைக் குறிக்கும் நாவிஸ், நாட்டிக்கல். கிரேக்க 'நவுஸ்', அதிலிருந்து நாசியா, கப்பலில் வரும் குமட்டல். வாரத்துக்குப் பத்துச் சொல், நாற்பதோடு நிறுத்துங்கள். மரைன், மாரிடைம், சப்மரைன் மூன்றும் தாமாகவே புரியும், அதற்கு நேரம் வேண்டாம். ஹிப்போபொட்டமஸ், மெசபொட்டேமியா இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், 'பொட்டமோஸ்' ஆறு: ஆற்றுக்குதிரை, ஆறுகளுக்கு இடைப்பட்ட நாடு.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. முன்பக்கம் சொல்லைக் கோடு போட்டுப் பிரித்து எழுத வேண்டும். பின்பக்கம் மூன்று வரி: வேரின்படி பொருள், இன்றைய பொருள், முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு எப்படி வந்தது. மூன்றாவது வரியை விட்டால் பாடம் கெட்டுப்போகும். ரைவல் என்றால் 'ஓடைக்காரன்' என்று தேர்வில் எழுதி வைப்பார்கள். வேர்ப்பொருள் நினைவுக்கு உதவும் கொக்கி மட்டுமே, விடை அல்ல.

திருப்பிப் பார்ப்பது மறுநாள் ஒருமுறை, நான்காம் நாள் ஒருமுறை, பத்தாம் நாள் ஒருமுறை. பத்தாம் நாளில் வேர் வாரியாக அடுக்காமல் எல்லா அட்டையையும் கலைத்துக் கொடுங்கள். வேர் வாரியாக இருந்தால் முதல் சொல் மற்றதைக் காட்டிக்கொடுத்துவிடும், தெரிந்ததா இல்லையா என்று தெரியாது. கூடவே இந்த வேர்கள் இல்லாத ஐந்து பொய்ச் சொற்களைச் சேருங்கள்: அக்வயர், அக்விலைன், ஃப்ளோ, கட்டமரான், குடை என்னும் அம்பரெல்லா. கடைசியில் இருப்பது 'உம்ப்ரா', நிழல். மழைக்கு வேலையே இல்லை.

---

பாலக்கோடு_ஆங்கிலம்:

பொட்டபிள் வாட்டர் என்று குடிநீர்க் குழாய் அருகே எழுதியிருக்கிறது. பிள்ளைகள் அதை போர்ட்டபிள் என்று படிக்கிறார்கள். அதையும் பொட்டமோஸில் சேர்க்கலாமா?

---

பென்னாகரம்_காவிரி:

கூடாது சார். பொட்டபிள் லத்தீன், 'போட்டாரே', குடித்தல். பொட்டமோஸ் கிரேக்கம், ஆறு. போர்ட்டபிளில் 'போர்ட்டாரே', சுமத்தல். நடுவில் ஆர் உண்டு. குடத்தைச் சுமந்தால் ஆர், குடித்தால் ஆர் இல்லை. மருந்துக் குடிநீரான போஷன், நஞ்சான பாய்சன் இரண்டும் போட்டாரேயின் பிள்ளைகள், ஒரே சொல் இரண்டு வழியில் வந்து இரண்டாகிவிட்டது. பொட்டபிளுக்கு எதிர்ச்சொல்லாக இம்பொட்டபிள் என்று எழுதிவிடுவார்கள், வழக்கில் உள்ளது நான்பொட்டபிள்தான்.